இலையைப் பார்த்து ஏமாந்த அனுபவம் உங்களுக்கும் உண்டா?

ஹட்டன் டீச்சர்:

பதினொரு வருடமாக மனதில் கிடக்கிறது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன். தரம் 7, இலை சேகரித்து ஒட்டும் ஒப்படை. ஒருவித்திலை (விதைக்குள் ஒரு வித்திலை உள்ள தாவரம்) ஒரு பக்கம், இருவித்திலை (இரண்டு உள்ளது) மறு பக்கம். நரம்பு வலையாகப் பின்னியிருந்தால் இருவித்திலை, சமாந்தரமாக ஓடினால் ஒருவித்திலை. நான் படித்ததும் அதுதான், படிப்பித்ததும் அதுதான்.

ஒரு பிள்ளை புல், வாழை, இஞ்சியோடு இராசவள்ளிக் கிழங்குக் கொடியின் இலையையும் ஒருவித்திலைப் பக்கத்தில் சேர்த்து ஒட்டியிருந்தாள். வெற்றிலை மாதிரி அகலமான இலை, உள்ளே வலை வலையாக நரம்பு. சிவப்புப் பேனையால் பெரிதாகப் பிழை போட்டேன். இலை காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது, பேனை பட்ட இடம் கிழிந்துபோனது. அவள் மேசைப் பக்கத்திலேயே நின்றாள். "டீச்சர், இதுக்கு ஆணிவேர் இல்ல. அப்பாயி தோண்டுறப்ப பார்த்தேன், எல்லாம் நூல் நூலாத்தான் இருந்துச்சு." நான், "நரம்பைப் பாரும்மா" என்று சொல்லிக் கொப்பியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இராசவள்ளி ஒருவித்திலைத் தாவரம்தான். இரண்டு வருடம் கழித்து வேறு எதற்கோ ஒரு தாவரவியல் புத்தகத்தைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. பூவின் பாகங்கள் மும்மூன்றாக இருக்கும். இலையிலும் பெரிய நரம்புகள் காம்படியில் கிளம்பி வளைந்து நுனிப் பக்கம் போய்ச் சேரும், வலை எல்லாம் அவற்றுக்கு இடையில்தான். அதற்குள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டே போய்விட்டாள்.

பண்டாரவளை மாமா:

டீச்சர், விடை சரி, ஆனால் ஆணிவேர் இல்லாததால் ஒருவித்திலை என்று பிள்ளை சொன்ன காரணம் பிழை. இராசவள்ளியைக் கிழங்குத் துண்டு வைத்துத்தான் நடுகிறோம். விதையிலிருந்து முளைத்தால்தானே ஆணிவேர் வரும்? வத்தாளை (சர்க்கரைவள்ளி) கொடியை வெட்டி நட்டாலும் ஆணிவேர் வராது. அதற்காக வத்தாளை ஒருவித்திலை ஆகிவிடுமா? அது இருவித்திலை, பூவைப் பார்த்தாலே தெரியும். ஆகவே வேரை வைத்து முடிவு கட்டுவதும் நரம்பை வைத்து முடிவு கட்டுவது போலத்தான்.

என் அனுபவம் சின்னது. வீட்டுப் பின்னால் பட்டர்புரூட் மரத்துக்கும் கித்துள் பனைக்கும் நடுவில் உடுப்புக் காயப் போடக் கம்பி கட்டினேன். ஆறேழு வருடத்தில் பட்டர்புரூட் மரம் கம்பியை விழுங்கிவிட்டது. கம்பிக்கு மேலே பட்டை உருண்டு தடித்து, உதடு மாதிரி பிதுங்கி நின்றது. இலையில் செய்த சாப்பாடு பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது, கம்பி அதை மறித்துவிட்டது. கித்துளில் கம்பி கட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. அது ஒருவித்திலை, தண்டைப் பருக்க வைக்கும் மாறிழையம் அதற்குக் கிடையாது, நம் பலா, மாமரம் போல அது வருடா வருடம் பருப்பதில்லை.

அதனால் பிள்ளைகளுக்கு இலையை மட்டும் காட்டாதீர்கள். தண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். இருவித்திலையான பூசணித் தண்டில் நார்க்கட்டுகள் வட்டமாக நிற்கும், ஒருவித்திலையான சோளத் தண்டில் வாரி இறைத்த மாதிரி கிடக்கும். பூ இருந்தால் இதழை எண்ணச் சொல்லுங்கள், மூன்றா, நாலு ஐந்தா என்று. விதை கிடைத்தால் ஊறப்போட்டுப் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விஷயமாவது ஒத்துப்போன பிறகு பெயர் வைக்கட்டும்.

ராகலை:

மாமா சொன்ன வத்தாளை சரி. நான் லீக்ஸ் பற்றிச் சொல்கிறேன். முப்பது வருடமாக லீக்ஸ் போடுகிற வீடு நாங்கள். வெள்ளையாக இருப்பதைத் தண்டு என்றுதான் நானும் சொல்வேன், கடைக்காரரும் சொல்வார். மகன் ஒன்றை நெடுகப் பிளந்து காட்டினான். தண்டே இல்லை! ஒன்றுக்குள் ஒன்றாகச் சட்டைக் கை மாதிரி நுழைந்த இலையடிகள், அவ்வளவுதான். அதனால்தான் கழுவும்போது உள்ளே உள்ளே மண் வருகிறது. உண்மையான தண்டு எங்கே என்றால், நாம் வேரோடு நறுக்கி எறிகிறோமே, ஒரு ரூபாய்க் குற்றி கனத்தில் ஒரு தட்டு, அதுதான்.

நம்பவில்லை நான். நறுக்கி எறிந்த ஒன்று ஈர மண்ணில் கிடந்தது. மூன்றாம் நாள் பார்க்கிறேன், வெளிச்சுற்று எல்லாம் வெட்டிய மட்டத்திலேயே நிற்க, நடுவிலிருந்து மட்டும் பச்சையாக விரல் நீளத்துக்கு எழும்பியிருந்தது. வளர்கிற இடம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. மண் அணைப்பது வெள்ளை நீளத்தான், வெயில் படாத இலையடி பச்சை பிடிக்காது. அப்பா காலத்திலிருந்து இதைச் செய்துகொண்டே, இலையை வளர்க்கிறோம் என்று தெரியாமல் இருந்திருக்கிறோம்.

லிந்துலை அக்கா:

எனக்கு இன்றும் உறுத்துவது தவறணை வேலை. (யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு: எங்கள் தவறணையில் கள் விற்பதில்லை, தேயிலைக் கன்று வளர்க்கிறோம்.) 2025 என்று நம்பர் போட்ட ரகம், தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. நடுவதற்கு வெட்டும் துண்டில் ஒரு இலை, அதன் கீழே ஒன்றரை அங்குலம் தண்டு, இலைக்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு. கங்காணி ஐயா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கண்ணு முக்கியம்." இலைக்காம்பு தண்டோடு சேரும் மடிப்பில் அரிசி நுனி அளவு ஒரு மொட்டு இருக்கும், பள்ளிக்கூடத்தில் கக்க அரும்பு என்பார்கள்.

வேகத்தில் வெட்டினேன். மூன்று மாதம் கழித்து ஒரு வரிசை அப்படியே நின்றது. இலை பச்சை, வாடல் இல்லை, ஆனால் துளிர் இல்லை. ஒரு பையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே பையை நிறைத்துக்கொண்டு வெள்ளை வேர். காம்படியில் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வடு. என் கத்தி கண்ணைச் சீவிவிட்டது. வேர் விட்டு, இலையும் உயிரோடு இருந்து, மேலே போக வழியில்லாமல் நின்ற அந்தக் கன்றுகளை நான்தான் அள்ளிக் கொட்டினேன்.

பதுளைத் தம்பி:

பரீட்சையில் "சவுக்கின் இலையை வரைக" என்று வந்தது. எங்கள் லயத்துக்கு மேலே நிற்கும் சவுக்கை வரைந்தேன். பன்னம் மாதிரி கிழிந்த இலை, அடிப்பக்கம் வெள்ளி. புள்ளி இல்லை. நாம் சவுக்கு என்பது தேயிலை மலையில் நிழலுக்கு வைத்த கிரெவிலியா. கேட்டது கடற்கரைச் சவுக்காம். அதை முதன்முதலாக மட்டக்களப்புப் பக்கம்தான் பார்த்தேன். பைனஸ் ஊசி மாதிரி தொங்கியதில் ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கணுக் கணுவாகக் கழன்று வந்தது. அந்த ஊசிதான் தண்டு. இலை என்பது ஒவ்வொரு கணுவையும் சுற்றி நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற பொடிப் பல். இரண்டும் பூக்கும் தாவரம்தான், பைனஸுக்குச் சொந்தம் இல்லை. ஒரே பெயரில் இரண்டு மரம் இருக்கும்போது கேள்வியில் இலத்தீன் பெயரையும் போட்டிருக்கலாம்.

நானுஓயா:

என் இலைத்தொகுப்பு ஒப்படைக்கு முந்தின நாள் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் டீச்சர் இலை நொறுங்கியது என்றதால் சொல்கிறேன். நம் பனிக்கு இலையைக் காலையில் பறிக்கக் கூடாது, ஈரம் உலர்ந்த பிறகு பறியுங்கள். தனி இலையாக வேண்டாம், ஒரு துண்டுத் தண்டோடு எடுங்கள். அப்போதுதான் கண் எங்கே இருக்கிறது என்று தெரியும். கறிவேப்பிலையில் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் தேடிப் பாருங்கள், கண் இருக்காது. முழு ஈர்க்கும் தண்டில் சேரும் இடத்தில்தான் இருக்கும், ஆகவே அந்த ஈர்க்கு முழுவதும் ஒரே இலை. பத்திரிகைத் தாளில் வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள், முதல் மூன்று நாளும் தாளை மாற்றுங்கள். ஒரு இலையையாவது கவிழ்த்து வையுங்கள், அடிப்பக்கம் தெரியட்டும். அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் நொறுங்கும், பக்கத்துப் பலகையில் வையுங்கள். பூவின் நிறத்தை அன்றைக்கே எழுதுங்கள், காய்ந்தால் போய்விடும். இடம், திகதி, என்ன உயரச் செடி என்பதும் வேண்டும்.

ஹட்டன் டீச்சர்:

மாமா, ஆணிவேர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு வகுப்பில் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு வந்தவள் அவள் ஒருத்திதான். நேற்றுச் சந்தையில் இராசவள்ளிக் கொடியோடு ஒருவர் கிழங்கு விற்றார். தண்டை விரலில் உருட்டிப் பார்த்தேன், உருளவில்லை. நாலு பக்கமும் மெல்லிய சிறகு மாதிரி விளிம்பு. இத்தனை வருடத்தில் நான் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. அவளுடைய அக்காவைக் கொட்டகலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், லயம் தெரியும். வருகிற போயா லீவுக்குக் கொடியையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.