எஜுகேஷன் லோன் இ.எம்.ஐ. ஜூன்ல ஆரம்பிக்குது, 22 ஆயிரம் சம்பளத்துல எப்படி சமாளிக்கிறது?

தறிக்காரர்மகன்:
வணக்கம் மக்களே. நான் பள்ளிபாளையம் பக்கம், அப்பா விசைத்தறி ஓட்டுறாரு. 2021ல இன்ஜினியரிங் சேர்ந்தப்ப 4 லட்சம் எஜுகேஷன் லோன் போட்டோம், வருஷத்துக்கு ஒரு லட்சமா நேரா காலேஜுக்கே போயிருச்சு, வட்டி 10 பர்சென்ட். 2025 மே மாசம் படிப்பு முடிஞ்சுது, இப்ப சென்னைல பெருங்குடில வேலை, கைக்கு 22 ஆயிரம் வருது. தங்குற பி.ஜி. ஹாஸ்டலுக்கு 7,500, வீட்டுக்கு 5 ஆயிரம், மிச்சத்துல சாப்பாடு பஸ் எல்லாம். பேங்க் ஆப்ல பார்த்தா 5 லட்சத்து 20 ஆயிரம்னு காட்டுது, எனக்கு தலையே சுத்திருச்சு. பேங்க்ல இருந்து வர்ற லெட்டரை எல்லாம் அப்பா பிரிக்காமலே காலண்டருக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்காரு, போன வாரம் ஊருக்குப் போனப்ப எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இருந்துச்சு. இந்த தொகை சரியா? ஜூன் வரைக்கும் சும்மா இருக்கலாமா இல்ல இப்பவே ஏதாவது கட்டணுமா? ரூம்மேட் வேற "கட்டாதடா, தள்ளுபடி பண்ணிருவாங்க"ங்கிறான்.

ஓஎம்ஆர்_வாசி:
கணக்கு சரிதான் ப்ரோ. முதல் வருஷ லட்சத்துக்கு 5 வருஷ வட்டி 50 ஆயிரம், அடுத்ததுக்கு 40, அப்புறம் 30, 20, ஆக ஜூன் வர்றப்ப 1 லட்சத்து 40 ஆயிரம் வட்டி சேர்ந்து 5.4 லட்சம்ல வந்து நிக்கும். 10 வருஷம் போட்டா இ.எம்.ஐ. 7,100 சொச்சம், 15 வருஷம்னா 5,800 கிட்ட வரும். ஆனா 15 வருஷத்துல மொத்தமா 10 லட்சத்துக்கு மேல கட்டிருப்ப, பாத்துக்க. நான் நீளமா போட்டுட்டு சம்பளம் ஏற ஏற நடுவுல கட்டி முடிச்சேன், சீட்டு எடுத்த காசு ஒரு லட்சத்தை அப்படியே கொண்டு போய் போட்டேன். எஜுகேஷன் லோன் வட்டிக்கு 80இ-ன்னு ஒரு வரிச்சலுகை இருக்கு, அதுல டாக்ஸ் வேற மிச்சமாகும்.

ரிட்டயர்டு_மேனேஜர்:
தம்பி, மேல சொன்ன கணக்கு தப்பில்ல, ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கல. அப்பா தறி ஓட்டுறார்ங்கிற, குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள்ளதான இருக்கும்? அப்படின்னா படிப்பு காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் ஓடுற வட்டியை மத்திய அரசு ஏத்துக்கிற மானியம் ஒண்ணு இருக்கு, 2009ல இருந்து இருக்கு, கனரா வங்கிதான் அதைக் கையாளுற நோடல் பேங்க். காலேஜுக்கு உரிய அங்கீகாரம் இருக்கணும்ங்கிற மாதிரி நிபந்தனைகள் உண்டு. லோன் போட்டப்ப தாசில்தார் ஆபீஸ் வருமானச் சான்று கொடுத்தீங்களா, பிராஞ்சுல க்ளெய்ம் பண்ணாங்களான்னு மொதல்ல பாரு. முழுசா வந்திருந்தா ஜூன்ல நீ கட்ட ஆரம்பிக்க வேண்டியது 5.4 இல்ல, 4 லட்சம்தான், 10 வருஷத்துக்கு இ.எம்.ஐ. 5,300க்குள்ள முடிஞ்சிரும். மாசம் 1,850 ரூபா வித்தியாசம், உன் சம்பளத்துக்கு அது சாதாரணமா?

ஆப்ல பார்க்கிறதை விட்டுட்டு பிராஞ்சுக்கு நேர்ல போ. லோன் ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஸ்டேட்மென்ட் கேளு, லோனை அனுமதிச்சுக் கொடுத்த சாங்ஷன் லெட்டர் காப்பி கேளு. தவணை எப்ப ஆரம்பிக்குதுன்னு அதுலதான் இருக்கும், பழைய சில லோன்ல "படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் இல்லாட்டி வேலை கிடைச்சு ஆறு மாசம், எது முன்னாடியோ அது"ன்னு போட்டிருப்பாங்க, அப்படி இருந்தா உன் ஜூன் கணக்கே தப்பாயிரும். மானியம் பத்தி கேட்கிறதை வாயால கேட்காத, லெட்டர் எழுதிக் கொடுத்து உன் காப்பில சீல் வாங்கிக்க. வாயால கேட்டதை நாங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மறந்துருவோம், 31 வருஷம் அந்த சீட்ல உட்கார்ந்தவன் சொல்றேன்.

80இ பத்தி அவர் சொன்னது உனக்கு இப்ப பொருந்தாது. அது வட்டிக்கு மட்டும், எட்டு வருஷத்துக்கு, அதுவும் பழைய வரி முறைல இருந்தாத்தான். உன் சம்பளத்துக்கு வரியே கிடையாது.

கட்டாதவன்:
எதுக்குப்பா இவ்ளோ டென்ஷன். மூணு வருஷம் கண்டுக்காம விடு, அவனே செட்டில்மென்ட்டுக்கு கூப்பிடுவான், பாதி கட்டினா போதும். என் பிரெண்டு முடிச்சான்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
இந்த ஐடியாவை மட்டும் கேட்காத தம்பி. நான் செட்டில்மென்ட் போட்டவ, நானே சொல்றேன். வேலை இல்லாம ஒரு வருஷம் கட்டல, 90 நாள் தாண்டினதும் வாராக்கடன்னு போட்டாங்க, அப்புறம் ஒரு தொகை பேசி முடிச்சேன். முடிஞ்சதுன்னு நினைச்சா சிபில்ல, அதான் நம்ம கடன் வரலாறு ரிப்போர்ட்ல, "செட்டில்டு"ன்னு நிக்குது, "க்ளோஸ்டு" இல்ல. ஸ்கூட்டிக்கு லோன் கேட்டேன், கிடைக்கல. அதை விடக் கொடுமை, அப்பாவும் அதுல கையெழுத்து போட்டவர்ங்கிறதால அவர் சிபிலும் அடிவாங்கிருச்சு, தங்கச்சி படிப்புக்கு லோன் கேட்டப்பதான் அது தெரிஞ்சுது. தங்கச்சி ஒரு மாசம் என்கிட்ட பேசல.

இன்னொண்ணு, இ.எம்.ஐ. தேதியை சம்பள தேதிக்கு அப்புறமா வெக்கச் சொல்லு. எனக்கு ஆஸ்பத்திரில சம்பளம் 7ம் தேதி, பேங்க் 5ம் தேதி எடுக்கும், அக்கவுண்ட்ல காசு இருக்காது, பவுன்ஸ் சார்ஜ் போடுவாங்க, ரெண்டு நாள்ல சம்பளம் வந்ததும் நானே கட்டுவேன், அடுத்த மாசம் மறுபடி அதே கதை. பதினோரு மாசம் இப்படியே போச்சு, தேதியை மாத்தலாம்னு எனக்கு யாரும் சொல்லல. இப்பவே ஒரு வேலை பண்ணு, 5,300 ரூபாவை மாசாமாசம் தனி அக்கவுண்ட்டுக்கு தூக்கிப் போட்டுட்டு மிச்சத்துல ஓட்டிப் பாரு, முடியுதா இல்லையான்னு ஜூனுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும், ரெண்டு மூணு தவணைக்கு கைல காசும் இருக்கும்.

அப்புறம் எப்பவாவது தவணை தவறினா ரெகவரி ஆளுங்க போன் பண்ணுவாங்க. காலைல 8க்கு முன்னாடி, சாயங்காலம் 7க்கு அப்புறம் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லிருச்சு. அப்பாவுக்கும் சொல்லி வை, பயந்துருவாரு.

ரிட்டயர்டு_மேனேஜர்:
அந்தம்மா சொன்னது நூத்துக்கு நூறு. எடுத்து வெக்கிற காசுல மூணு தவணைக்கு மேல சேர்ந்தா லோன்லயே கட்டிரு, வீணாகாது. ஆனா அசல்ல கழிக்கச் சொல்லி எழுதிக் கொடு, இல்லேன்னா முன்கூட்டி கட்டின தவணைன்னு எடுத்துக்கிற பிராஞ்சும் இருக்கு.

தறிக்காரர்மகன்:
எல்லாருக்கும் நன்றிங்க. சனிக்கிழமை லீவு போட்டு பிராஞ்சுக்குப் போயிட்டு வந்தேன், அது ரெண்டாவது சனிக்கிழமைன்னு ஷட்டரைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்துச்சு 😅 சரின்னு திங்கக்கிழமையும் இருந்து போனேன். ஸ்டேட்மென்ட்ல முதல் ரெண்டு வருஷத்துக்கு மானியம் எதுவும் வரவு இல்ல, அடுத்த வருஷங்களுக்கும் இல்ல. வருமானச் சான்று ஃபைல்லயே இருக்கு சார், மஞ்சளாப் போயி. க்ளெய்ம் போனதான்னு மேலிடத்துல கேட்டு சொல்றோம்னாங்க, நீங்க சொன்ன மாதிரி லெட்டர் கொடுத்து சீல் வாங்கிட்டேன். தவணை ஜூன்தான், அது சாங்ஷன் லெட்டர்ல தெளிவா இருக்கு. தேதியை 10க்கு மாத்த ஃபார்ம் கொடுத்திருக்காங்க.

ராத்திரி அப்பாவும் நானும் அந்த ஒன்பது கவரையும் பிரிச்சோம். ஏழு கவர்ல வட்டி விவரம், ஒண்ணு ஆதார் இணைக்கச் சொல்லி, இன்னொண்ணு பேங்க்கோட பொங்கல் வாழ்த்து. அதைத்தான் அப்பா ஜப்தி நோட்டீஸுன்னு நினைச்சு இத்தனை நாள் பயந்துட்டு இருந்தாராம். லெட்டருக்கு ஒரு மாசத்துல பதில் வரலேன்னா அடுத்து எங்க போறது சார்?

ரிட்டயர்டு_மேனேஜர்:
அந்த பேங்க்கோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுது, 30 நாள்ல பதில் இல்லேன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே போடலாம், பைசா செலவில்ல. சீல் வெச்ச காப்பியை போட்டோ எடுத்து வை. காலண்டருக்குப் பின்னாடி சொருகிடாத.