புதுப்பிப்பு: 1972 செவ்ரோலெட் சி10 பிக்கப்பில் இரட்டை எக்ஸாஸ்ட்

350 வி8 எஞ்சின் (பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்) உள்ள என் சி10-க்கு இரட்டை எக்ஸாஸ்ட் (பக்கத்துக்கு ஒரு புகைக்குழாய்) போடும்போது நடுவில் எச் வடிவ இணைப்பு, அதாவது இரண்டு குழாய்களையும் சேர்க்கும் குறுக்குக் குழாய், தேவையா என்று இங்கே கேட்டிருந்தேன். வேலை முடிந்தது, இணைப்போடுதான்.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருப்பதால் அடியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைத் தாண்டுவதுதான் படுத்தி எடுத்துவிட்டது.

இணைப்பு வேண்டும் என்றவர்கள் சொன்னது சரி. இந்த எஞ்சினின் எரிப்பு வரிசை, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. இதில் 5, 7 இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எரியும். மறுபக்கம் 8, 4 அப்படியே. அந்த அழுத்தம் இணைப்பு வழியாக இரண்டு குழாய்களுக்கும் பிரிவதால் சத்தம் வெட்டி வெட்டி வராமல் கனமாக, சீராக வருகிறது. குதிரைத்திறன் கூடியதா என்று கேட்காதீர்கள், நான் போட்டதே சத்தத்துக்குத்தான்! அடுத்து கார்புரேட்டரை ட்யூன் செய்ய வேண்டும்.