கேத்தி வீடு குழு: மணி சித்தப்பாவுக்கு எந்தக் கேமரா?

அனு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: அனு, இது பெரிய குழு. உன் அப்பாவும் இதில் இருக்கிறார்.

அனு: ஐயோ. அங்கே போட வேண்டியதை இங்கே போட்டுவிட்டேன்.

தினேஷ்: நான் படித்துவிட்டேன். சித்தப்பா ரிட்டயர்மென்டுக்குக் கேமரா. ஆளுக்கு ஐயாயிரம். ரகசியம் 😀

கவிதா: நீ திரும்ப எழுதுகிறாயே, புத்திசாலி.

பிரபு: பரவாயில்லை. சித்தப்பாவுக்கு இன்று பகல் ஷிப்ட். பவர் ஹவுஸ் உள்ளே சிக்னல் வராது. சாயங்காலத்துக்குள் பேசி முடித்து அவரவர் நீக்கிவிடலாம்.

விமலா அத்தை: 🎤 குரல் செய்தி 1:48

கவிதா: அத்தை, ஆபீஸில் இருக்கிறேன். எழுதுங்கள்.

விமலா அத்தை: மோதிரம் போடுவதுதானே முறை

பிரபு: தங்கம் விற்கிற விலைக்கு இரண்டு கேமரா வாங்கலாம் அத்தை.

அனு: அப்பாவுக்குப் பறவை பிடிக்கும். குந்தாவில் இருந்த வரைக்கும் போனில் எடுத்து எடுத்து அனுப்புவார். எல்லாப் படத்திலும் கிளைதான் இருக்கும், பறவை இருக்காது. இரண்டில் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறோம். லென்ஸ் மாற்றுகிற சின்ன மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா), இல்லையென்றால் பாக்கெட்டில் போடுகிற கேமரா.

சுந்தரம் பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். கேமரா விஷயத்தில் என்னைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்க வேண்டாம். ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் இருட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அங்கே 1967-இல் உற்பத்தி தொடங்கியது. எக்ஸ்ரே ஃபிலிம், கறுப்பு வெள்ளை ஃபிலிம் எல்லாம் நம் ஊரிலிருந்துதான் நாடு முழுக்கப் போனது. அது கிடக்கட்டும். முதல் கேள்வி, வெளிச்சம் விழுகிற இடம் எவ்வளவு பெரியது என்பது. அன்றைக்கு ஃபிலிம், இன்றைக்கு சென்சார். கேனான் ஆர்50 என்று ஒரு மிரர்லெஸ் 2023-இல் வந்தது. அதில் சென்சார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். பாக்கெட் கேமராவில் உயர்ந்த ரகமாகச் சொல்லப்படும் சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடலில் 13.2க்கு 8.8 தான். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மணி படம் எடுக்கப் போவது மெரினா பீச்சில் இல்லை. சோலைக்குள் மதியம் இரண்டு மணிக்கே விளக்கு வைத்தது போல் இருக்கும். அங்கே அந்த வித்தியாசம் தெரியும். இரண்டாவது

சுந்தரம் பெரியப்பா: விரல் பட்டுப் போய்விட்டது. இரண்டாவது கேள்வி பிறகு.

தினேஷ்: அப்பா பத்தி பிரித்து எழுதுங்கள்

கவிதா: 🙏

பிரபு: பெரியப்பா சொல்வது சரிதான். ஆனால் சித்தப்பா பை தூக்குகிற ஆள் இல்லை. அவரிடம் உள்ள ஒரே பை ஜெர்கின் பாக்கெட்.

தினேஷ்: அதிலும் பாதி வேர்க்கடலை

அனு: ஆர்50 உடம்பு மட்டும் 375 கிராம். கூட வருகிற 18-45 லென்ஸ் பறவைக்கு உதவாது. தூரத்தை இழுக்கிற 55-210 லென்ஸ் தனியாக வாங்க வேண்டும், அது 270 கிராம். சோனி மொத்தமே 302 கிராம்.

விமலா அத்தை: விலை

அனு: அங்கேதான் சிக்கல் அத்தை. சின்னது என்றால் விலையும் குறைவு என்று நினைத்தேன். அந்த சோனி, ஆர்50-ஐ விட விலை அதிகம்.

விமலா அத்தை: கையளவு இருப்பதற்கா

தினேஷ்: போனே போதும். நான் சீசனுக்குச் சீசன் எத்தனை டூரிஸ்டைப் பார்க்கிறேன். கழுத்தில் பெரிய கேமரா தொங்கும். ரயில் வரும்போது எல்லோரும் போனைத்தான் நீட்டுவார்கள்.

பிரபு: ரயில் பெரியது தினேஷ். சிரிப்பான் குருவி சின்னது. போனில் இழுத்தால் சாயம் பூசியது போல் ஆகிவிடும்.

சுந்தரம் பெரியப்பா: இரண்டாவது கேள்வி, தூரம். எம்எம் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். 55-210 லென்ஸை ஆர்50-இல் போட்டால் பழைய 35 எம்எம் கணக்கில் 336 எம்எம் வரைக்கும் போகும். சோனி பாக்கெட் 200 எம்எம்மில் நின்றுவிடும். பானசோனிக் டிஇசட்99 என்று ஒன்று 720 எம்எம் வரை போகும், ஆனால் சென்சார் நகத்தளவு, கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரும் இல்லை. வெயிலில் ஸ்கிரீன் தெரியாது. மணி வேறு கண்ணாடி போடுபவன். ரிக்கோ ஜிஆர்3 என்று பிரபு சொல்லக்கூடும். சென்சார் பெரியது, 257 கிராம்தான், ஆனால் ஜூமே கிடையாது. அதில் எடுத்தால் மரம்தான் விழும், பழைய கதைதான்.

பிரபு: நான் ரிக்கோ பெயரையே எடுக்கவில்லை 😀

கவிதா: விசேஷம் ஞாயிறுதானே? பிரபு, நீ பெங்களூரில் இருந்து காரிலா வருகிறாய்?

பிரபு: ஆமாம். சனிக்கிழமை ராத்திரி கிளம்பலாம் என்று பார்க்கிறேன்.

தினேஷ்: ராத்திரி 9 மணிக்குப் பந்திப்பூர் கேட் மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். இ-பாஸ் போட்டாயா?

பிரபு: சொந்த ஊருக்குமா

தினேஷ்: ஊர் சொந்தம், நம்பர் பிளேட் கர்நாடகா. டிஎன் 43 வண்டிக்குத்தான் பாஸ் வேண்டாம். 2024 மேயில் இருந்து இதே கதைதான். 2025 கோடையில் சனி ஞாயிறு வண்டிகளுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள், எதற்கும் இப்போதே போட்டுவிடு. கல்லட்டி வழியாக வராதே, 36 வளைவு, உன் வண்டி கிளட்ச் பற்றி எனக்குத் தெரியும். கூடலூர் வழி வா.

விமலா அத்தை: மேட்டுப்பாளையத்தில் இருந்து நான் பஸ்ஸில் வந்துவிடுவேன். பாஸ் எல்லாம் வேண்டாம்

கவிதா: அத்தை, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கில் கொண்டு வராதீர்கள். போன தடவை செக்போஸ்டில் சண்டை போட்டீர்கள்.

விமலா அத்தை: அது கங்கை தீர்த்தம்

தினேஷ்: 😂😂

அனு: கேமராவுக்கு வாருங்கள் 🙏

பிரபு: என் ஓட்டு ஆர்50. அதில் ஒரு நல்ல விஷயம், பறவையின் கண்ணை அதுவே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். இதற்குக் கீழே ஆர்100 இருக்கிறது, விலை குறைவு, ஆனால் அது மனித முகத்தை மட்டும்தான் கண்டுபிடிக்கும்.

தினேஷ்: விசேஷத்துக்கு ஆர்100, விசேஷம் முடிந்ததும் ஆர்50

மணி சித்தப்பா: எல்லாம் படித்தேன்.

கவிதா: 😬

அனு: அப்பா

பிரபு: சித்தப்பா, ஷிப்ட்?

மணி சித்தப்பா: மாற்றிவிட்டார்கள். காலையில் இருந்து வீட்டில்தான் இருக்கிறேன்.

செல்வி சித்தி: நான் எதுவும் சொல்லவில்லை. சார்ஜில் கிடந்த போனை அவராக எடுத்தார்.

மணி சித்தப்பா: கேமரா வேண்டாம். அந்தப் பணத்தில் மேற்கு அறைக்கு ஓடு மாற்றுங்கள். ஒன்றாம் தேதி குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்க வேண்டும். நாங்கள் வந்து படுக்கப் போவது அந்த அறையில்தான்.

சுந்தரம் பெரியப்பா: ஓடு தனி விஷயம். குழுவில் பேச வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்றைக்கு ஊறிய சுவர் அது. அப்பாவின் ஆல்பம் மூன்றும் பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டதும் அந்த அறையில்தான். சுவர் சரியாமல் கல் வைத்து நிறுத்தியது யார்? அப்போது யாரும் வந்து எவ்வளவு ஆயிற்று என்று கேட்கவில்லை.

விமலா அத்தை: அண்ணா நான் வளையல் அடகு வைத்துக் கொடுத்தேன்

சுந்தரம் பெரியப்பா: உன்னைச் சொல்லவில்லை.

மணி சித்தப்பா: என்னைத்தான் சொல்கிறீர்கள். அந்த மழையில் ரோடே இல்லை. குந்தாவில் இருந்து எப்படி வருவது?

கவிதா: எங்கள் அப்பா இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரு வார்த்தையில் அடக்கியிருப்பார்.

செல்வி சித்தி: ஆமாம்மா

தினேஷ்: ஓட்டுக்கு மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் வருகிறேன் என்றார்.

மணி சித்தப்பா: எந்த மழை

தினேஷ்: அதை அவர் சொல்லவில்லை

மணி சித்தப்பா: சரி. அந்த ஆர்50-இல் கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் உண்டா?

பிரபு: 😀😀 உண்டு சித்தப்பா!

அனு: அப்பா வேண்டாம் என்றீர்களே

மணி சித்தப்பா: கேட்டேன். அவ்வளவுதான். லென்ஸ் மாற்றும்போது உள்ளே திறந்துதானே இருக்கும்? அவலாஞ்சியில் பனி மூட்டம் நகராமல் நிற்கும். அங்கே நின்று கழற்றி மாட்டினால் என்ன ஆகும்?

பிரபு: அங்கே மாற்றவே வேண்டாம். வீட்டில் இருந்து கிளம்பும்போதே 55-210 போட்டுக்கொண்டு போங்கள். சின்ன லென்ஸ் விசேஷத்துக்கு.

மணி சித்தப்பா: தூறலில்?

பிரபு: அது கொஞ்சம் பயம்தான். இந்த விலையில் ஈரம் புகாத சீல் கிடையாது. சோனி பாக்கெட்டிலும் கிடையாது.

மணி சித்தப்பா: பாக்கெட் என்றால் தூறல் வந்ததும் ஜெர்கினுக்குள் போட்டுவிடலாம். சோனியில் வியூஃபைண்டர்?

அனு: இருக்கிறது அப்பா. விசையைத் தள்ளினால் எழும்பும்.

மணி சித்தப்பா: அதுதான் நல்லது போல.

கவிதா: ஆக வேண்டாம் என்றவர் விலை அதிகமானதைப் பிடித்துவிட்டார்.

சுந்தரம் பெரியப்பா: மணி, அவசரப்படாதே. வாங்குவதை விட வைப்பது முக்கியம். நம் ஊரில் கேமராவைக் கொல்வது ஃபங்கஸ்தான். லென்ஸுக்குள் நூல் நூலாகப் படரும். முற்றினால் கண்ணாடி மேல் உள்ள பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா வாங்கு, உள்ளே சிலிக்கா ஜெல் போடு. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும், அதைக் காட்டுகிற சின்ன மீட்டர் கிடைக்கும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் சூடு காட்டிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசியில் புதைக்காதே, தூசு ஏறும். முக்கியமாக, தோல் உறையில் போட்டு மூடி வைக்காதே. தோல் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு, இங்கே குளிரில் வைத்திருந்த கேமராவை மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் வெளியே எடுக்காதே. சில்லென்ற கண்ணாடி மேல் கீழ்நாட்டுக் காற்று பட்டால் வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வை. மேற்கு அறை ஓடு மாற்றும் வரை கேமரா என் பீரோவில் இருக்கட்டும். சின்ன பல்பு போட்டு வைத்திருக்கிறேன், ஈரம் அண்டாது.

மணி சித்தப்பா: யாஷிகாவும் உங்கள் பீரோவில்தான் இருந்தது அண்ணா.

தினேஷ்: 🍿

பிரபு: எந்த யாஷிகா?

விமலா அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள்

மணி சித்தப்பா: 1988-இல் முதல் அரியர்ஸ் வந்தபோது சேரிங் கிராஸில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. எலக்ட்ரோ 35. அண்ணா ஒரு கல்யாணத்துக்கு என்று வாங்கிக்கொண்டு போனார். அடுத்த பூ கண்காட்சிக்குத்தான் திரும்பி வந்தது. லென்ஸுக்குள் சிலந்தி கூடு கட்டியது போல் இருந்தது.

கவிதா: தோல் உறையோடா சித்தப்பா?

மணி சித்தப்பா: தோல் உறையோடுதான்.

சுந்தரம் பெரியப்பா: அந்தக் காலத்தில் பீரோவில் பல்பு இல்லை.

செல்வி சித்தி: மாமா, காபி குடித்தீர்களா? அக்கா முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

சுந்தரம் பெரியப்பா: பரவாயில்லை அம்மா. எண்ணெய் தேய்க்கிறாள்.

அனு: சரி, முடிவு சொல்லுங்கள். இதுவரை பிரபு அண்ணா, கவிதா அக்கா, நான், தினேஷ் அண்ணா. அத்தை?

விமலா அத்தை: போடுகிறேன். ஆனால் மோதிரமும் போட வேண்டும். ஊர் என்ன சொல்லும்

தினேஷ்: நான் ஓட்டுக்கும் போட வேண்டும், கேமராவுக்கும் போட வேண்டுமா?

கவிதா: கடையில் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். சித்தப்பாவை ஒரு நாள் கோவைக்கு அனுப்புங்கள். நான் கூட்டிப் போகிறேன். இரண்டையும் ஜெர்கின் பாக்கெட்டில் போட்டுப் பார்க்கட்டும், கண்ணாடியோடு வியூஃபைண்டரில் பார்க்கட்டும். எது பிடிக்கிறதோ அது.

மணி சித்தப்பா: கோவையில் ஜெர்கின் போட்டுக்கொண்டா

தினேஷ்: வியாழக்கிழமை ஏர்போர்ட் டிரிப் இருக்கிறது. போகும்போது சீட் இல்லை, திரும்பும்போது காலி.

கவிதா: அப்போது போவதற்கு?

தினேஷ்: குன்னூர் பஸ்

பிரபு: சோனி என்றாலும் ஆர்50 என்றாலும் ஆளுக்கு ஐயாயிரம் பத்தாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுந்தரம் பெரியப்பா: மீதியை நான் போடுகிறேன்.

அனு: பெரியப்பா ❤️

மணி சித்தப்பா: வேண்டாம் அண்ணா. ஓட்டுக்குப் போடுங்கள்.

சுந்தரம் பெரியப்பா: ஓட்டுக்குத் தனியாக. அதை நேரில் பேசுவோம். பழைய யாஷிகாவையும் வரும்போது எடுத்து வா. கோவையில் லென்ஸைக் கழற்றித் துடைக்கிற ஆள் ஒருவர் இருந்தார், இன்னும் இருக்கிறாரா என்று விசாரிக்கிறேன்.

செல்வி சித்தி: அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பேக்கிங் முடிந்தால்தான்.

அனு: அப்போது வியாழன் கடை, பிறகு முடிவு. சரியா? யாராவது சரி என்று சொல்லுங்கள்.

கவிதா: வியாழன் எனக்கு மீட்டிங். வெள்ளி?

தினேஷ்: வெள்ளி டிரிப் இல்லை

விமலா அத்தை: ஞாயிறுக்கு வர்க்கி எத்தனை கிலோ சொல்வது. நெய் வர்க்கியா சாதாவா

தினேஷ்: சாதா. நெய் என்றால் முதல் பந்தியிலேயே காலி.

விமலா அத்தை: மணிக்கு நெய்தான் பிடிக்கும்

மணி சித்தப்பா: ஆர்50 கறுப்பு மட்டும்தானா, வேறு கலர் உண்டா?

பிரபு: வெள்ளையும் இருக்கிறது. ஏன் சித்தப்பா, சோனி என்றீர்களே?

அனு: அப்பா?

செல்வி சித்தி: போனை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். காட்டுமாடு வந்து முட்டைக்கோஸை மேய்கிறது. அத்தாச்சி, நெய் வர்க்கி மூன்று கிலோ, சாதா ஐந்து கிலோ சொல்லிவிடுங்கள்.