ராயல் ரோடு முடிந்தது, அடுத்து எந்தப் புத்தகம்? சீட்டு மேஜிக் பழகுகிறவர்களின் அனுபவங்கள்

திருச்சி உறுப்பினர்

வணக்கம். ஹ்யூகார்டும் ப்ராவும் எழுதிய 'ராயல் ரோடு டு கார்ட் மேஜிக்' புத்தகத்தை முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் பழகி முடித்திருக்கிறேன். டபுள் லிஃப்ட் (இரண்டு சீட்டை ஒரே சீட்டுபோல் தூக்கிக் காட்டுவது) கைக்கு வந்துவிட்டது. பாஸ் (கட்டின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் தெரியாமல் இடம் மாற்றுவது) இன்னும் கண்ணாடி முன்னால் மட்டும்தான். வீட்டிலும் ஆபீஸிலும் செய்து காட்டுகிறேன், ரசிக்கிறார்கள். அடுத்து என்ன வாங்குவது என்பதில்தான் தடுமாற்றம். ஒருவர் 'கார்ட் காலேஜ்' என்கிறார், இன்னொருவர் எர்ட்னேஸ் எழுதிய பழைய புத்தகம் என்கிறார். யூடியூபைத் திறந்தால் தினமும் ஒரு புது டவுன்லோடு விளம்பரம். வெளிநாட்டுப் புத்தகங்கள் விலை அதிகம், வருடத்துக்கு ஒன்றுதான் எனக்குக் கட்டுப்படியாகும். இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள், உங்களுக்கு எது உதவியது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

சென்னை உறுப்பினர்

தம்பி, உங்கள் கேள்விக்கு நேர் பதில் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சந்திப்பைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டு மேஜிக் பழகும் பிள்ளைகள் சிலர் என் வீட்டுக்கு வருவார்கள். ஒருமுறை இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் வந்தான். லேப்டாப் நிறைய வீடியோ வைத்திருந்தான், எல்லாம் காசு கொடுத்து வாங்கியது. கை அவ்வளவு சுத்தம். டபுள் லிஃப்டையே நான்கு விதமாகச் செய்தான். சுண்டு விரல் பிரேக் (சீட்டுகளுக்கு நடுவே விரல் நுனியால் பிடிக்கும் ரகசிய இடைவெளி) எடுப்பது எனக்கே தெரியவில்லை. "அருமைப்பா, இப்ப எங்க வீட்டு அம்மாவைக் கூப்பிடறேன், அவங்களுக்கு ஒரு ட்ரிக் காட்டு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, உள்ளே வைத்து, மேலே வரவழைத்தான். என் மனைவி, "நல்லா இருக்குப்பா, அப்புறம்?" என்றார். அந்த 'அப்புறம்' என்பதற்கு அவனிடம் எதுவும் இல்லை. அதையே இன்னொரு டபுள் லிஃப்டில் திரும்பவும் செய்தான்.

அவனிடம் திறமைக்குக் குறைவில்லை. அவன் வாங்கியதெல்லாம் கையைப் பற்றிய பாடங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றிய பாடம் அதில் ஒன்றுகூட இல்லை. இடைநிலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோரை நான் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

அன்று அவன் கையில் ராபர்ட்டோ ஜியோபியின் 'கார்ட் காலேஜ்' தொகுதி ஒன்றைக் கொடுத்தேன். சுவிட்சர்லாந்துக்காரரான அவர் இதை முதலில் ஜெர்மனில் எழுதினார். ஆங்கிலத்தில் ஐந்து தொகுதிகள். ஒரு நுட்பத்தைச் சொன்னதும், தவறு எங்கே வரும், எதைக் கவனிக்க வேண்டும் என்று தனியாகக் குறிப்புகள் தருவார். உடனே அந்த நுட்பம் பயன்படும் ட்ரிக்கும் வந்துவிடும். பார்வை எங்கே போக வேண்டும், எந்த வாக்கியம் பேசும்போது கை நகர வேண்டும் என்பதும் அதே ஓட்டத்தில் வரும். பையன் ஒரு ட்ரிக்கை எடுத்துக்கொண்டு போய், அடுத்த மாதம் வந்து காட்டினான். இந்தத் தடவை என் மனைவி 'அப்புறம்' கேட்கவில்லை. சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சீட்டு மேஜிக் மேதை டாய் வெர்னன் 1922ல் சிகாகோவில் புகழ்பெற்ற மேஜிக்காரர் ஹூடினியைத் திகைக்க வைத்த கதையைக் கேட்டிருப்பீர்கள். ஹூடினி கையெழுத்திட்ட சீட்டு நடுவில் போகிறது, மேலே வருகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தும் ஹூடினியால் பிடிக்க முடியவில்லை. எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விளைவுதான். அதை அந்த அளவுக்குச் செதுக்கக் கற்றுக்கொடுக்கும் புத்தகம்தான் உங்களுக்கு இப்போது வேண்டும். நுட்பங்களின் பட்டியலை நீட்டும் புத்தகம் பிறகு வாங்கலாம்.

எதையும் வாங்குமுன் நான் பார்ப்பது இதுதான். மாதிரிப் பக்கங்களில் ஏதாவது ஒரு ட்ரிக்கை எடுத்து, பார்வையாளர் எங்கெல்லாம் வருகிறார் என்று தேடுவேன். 'பார்வையாளர் ஒரு சீட்டை எடுக்கிறார்' என்பதோடு அவர் காணாமல் போய்விட்டால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுவேன். அவர் என்ன நினைப்பார், எப்போது சந்தேகப்படுவார், கடைசியில் சீட்டு யார் கையில் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் யோசித்திருந்தால் வாங்குவேன்.

மதுரை உறுப்பினர்

சென்னை அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். புத்தகம் எழுதுனவரு எங்க உக்காந்து மேஜிக் பண்றாருன்னும் பாக்கணும்.

போன வருஷம் எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். முதல் நாள் ராத்திரி மண்டபத்துல ஜமுக்காளத்தை விரிச்சு சித்தப்பா, மாமா எல்லாம் ரம்மி ஆடிட்டிருந்தாங்க. "மாப்ள, நீ ஏதோ பண்ணுவியாமே"ன்னு இழுத்து உக்கார வச்சுட்டாங்க. வெளிநாட்டுப் புத்தகங்கள்ல பாதி ட்ரிக்குக்கு மேஜை வேணும், மேஜை மேல மெத்துன்னு ஒரு மேட் வேணும், எல்லாரும் எதிர்ல உக்காந்திருக்கணும். ஜமுக்காளத்துல சுத்திலும் ஆளு, முதுகுக்குப் பின்னாடி நாலு பசங்க. பாம் பண்ணா, அதாவது சீட்டை உள்ளங்கையில மறைச்சா, பின்னாடி இருக்கறவனுக்குத் தெரியும். கட்டை ரெண்டாப் பிரிச்சு மூலையை உதிர்த்து மேஜையில பண்ற ரிஃபிள் ஷஃபிள் ஜமுக்காளத்துல ஓடாது.

அன்னைக்கு என்னைக் கைதூக்கி விட்டது ராயல் ரோடோட 15ஆவது அத்தியாயம், ஹிந்து ஷஃபிள். கட்டோட மேல்பக்கத்துலருந்து கொத்துக் கொத்தா உருவிப் போட்டுக் கலைக்கிறது நம்ம வீட்டுல அத்தை, பாட்டி வரைக்கும் செய்றதுதான். அந்தப் புத்தகத்துல ஓவர்ஹேண்ட் கலைப்பு (கட்டைப் பக்கவாட்டுல பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா உதிர்க்கிறது) முதல் அத்தியாயம், இது பின்பாதியிலதான் வரும். நம்ம ஆளுங்க முன்னாடி இந்தக் கலைப்புதான் யார் கண்ணையும் உறுத்தாது. ஒருத்தரும் கையைப் பாக்கல, மொகத்தைத்தான் பாத்தாங்க. அதனால அடுத்து வாங்கற எதுலயும், மேஜை இல்லாம, கைக்குள்ளயே முடியற ட்ரிக் எத்தனை இருக்குன்னு முதல்ல பாருங்க.

எர்ட்னேஸ் பத்தி. 1902ல சிகாகோவுல வந்த 'தி எக்ஸ்பர்ட் அட் த கார்ட் டேபிள்'. எழுதுனவரோட நிஜப் பேரு யாருன்னு இன்னை வரைக்கும் உறுதியாகல. காப்புரிமை எப்பவோ முடிஞ்சுருச்சு, சட்டப்படியே இலவசமா இறக்கிக்கலாம். அதனால உங்க வருஷ பட்ஜெட்டை அதுக்குச் செலவு பண்ண வேணாம். ஆங்கிலம் பழைய நடை, ஒரு பத்தியை மூணு தடவை படிச்சாத்தான் விரல் எங்க போகுதுன்னு புரியும். ஆனா ஒரு சீட்டாடி எப்படி யோசிப்பான்னு அதைவிடத் தெளிவா வேற யாரும் சொல்லி நான் படிச்சதில்ல. முதல் பாதி முழுக்க சூதாட்ட மேஜை, பின்பாதிதான் மேஜிக்.

அதுல வர்ற டீலிங் (சீட்டுப் போடற) நுட்பங்களை அங்க போக்கர் ஆட்டமா காட்டுவாங்க. நம்ம ஊர்ல போக்கர்ல எது பெருசுன்னு விளக்கறதுக்குள்ள சுவாரசியம் போயிரும். நான் அதை மங்காத்தாவா மாத்திக்கிட்டேன். ஒரு சீட்டைச் சொல்லச் சொல்லி, உள்ளே, வெளியேன்னு போட்டுக்கிட்டே வந்து, அவங்க கேட்ட பக்கத்துல விழ வைக்கிறது. மாமா எந்திரிச்சு நின்னுட்டாரு. மூணு சீட்டு ஆட்டத்துல மூணு ஏஸ் விழ வைக்கிறதும் அப்படித்தான், ஒரு வார்த்தை விளக்கம் வேணாம். காசு வச்சு ஆடற இடத்துல மட்டும் நான் கட்டைத் தொடவே மாட்டேன். இந்தப் புத்தகத்தைப் படிக்கிறவங்க எல்லாரும் அந்த முடிவை முதல்லயே எடுத்துடணும்.

யாழ்ப்பாண உறுப்பினர்

மதுரை அண்ணா சொன்னது எங்கட பக்கமும் சரி. இங்க 304 எண்ட சீட்டாட்டம் விளையாடுற வீடுகளில நாலு ஏஸ் வர வைச்சா ஆக்கள் பெரிசா எடுக்கிறேல்லை. 304இல ஜாக்குக்குத்தான் 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11 தான். நான் வெர்னன்ர ஏஸ் ட்ரிக் ஒண்டை அப்பிடியே நாலு ஜாக்குக்கு மாத்திச் செய்தன். மூண்டாவது ஜாக் வரேக்கையே பெரியப்பா கட்டைப் பறிச்சு எண்ணத் தொடங்கிட்டார். புத்தகம் தெரிவு செய்யேக்க இதையும் யோசியுங்கோ. உங்கட ஆக்களுக்கு எந்தச் சீட்டு பெறுமதியோ அதுக்கு ட்ரிக்கை மாத்த ஏலுமெண்டா நல்லது.

கோவை உறுப்பினர்

நான் இடது கைக்காரி. வீடியோவா புத்தகமா என்று வரும்போது எனக்குப் புத்தகம்தான் கை கொடுத்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

வீடியோவில் சொல்லித்தருபவர் கட்டை இடது கையில் பிடித்திருப்பார், நான் வலது கையில் பிடிப்பேன். எதிரே திரையைப் பார்த்துச் செய்யும்போது கண்ணாடிபோல் சில நேரம் சரியாகவே வரும். கேமரா அவர் தோளுக்குப் பின்னால் போனதும் எல்லாம் தலைகீழாகிவிடும். புத்தகத்தில் 'இடது கட்டை விரல்' என்று இருந்தால் 'வலது கட்டை விரல்' என்று வாசித்துக்கொண்டால் முடிந்தது. ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டு மூலையில் மட்டும் எண் அச்சடித்த சீட்டை என் கைவாக்கில் விசிறியாக விரித்தால் எண் எதுவும் தெரியாது, மூலைகள் வெறுமையாக நிற்கும். நான்கு மூலையிலும் எண் உள்ள கட்டு வாங்கிய பிறகுதான் விசிறி ட்ரிக் செய்ய முடிந்தது.

வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. வேகமும் தாளமும் எழுத்தில் வராது. ராயல் ரோடு முழுவதையும் மேஜிக் கலைஞர் ஆர். பால் வில்சன் வீடியோவாகவே செய்து காட்டியிருக்கிறார். புத்தகத்தில் படித்துப் பழகிய பிறகு அதைப் பார்த்தால், நாம் எழுத்தில் தவறவிட்டது எங்கே என்று தெரியும். முதலிலேயே வீடியோவைப் பார்த்துப் பழகியவர்களை எங்கள் ஊர்க் கூட்டங்களில் பார்க்கிறேன். சொல்லித்தந்தவரின் தோள் குலுக்கல், சிரிப்பு, இடைவெளி எல்லாம் அப்படியே வந்துவிடுகிறது. கொங்குத் தமிழில் பேசும் பிள்ளை ட்ரிக் என்று வந்ததும் அமெரிக்கக் கைவீச்சுக்கு மாறிவிடுகிறான்.

இன்னொரு வழக்கம், ஆங்கிலப் புத்தகம் கடினமாக இருப்பவர்களுக்கு. ஒரு நுட்பத்தைப் படித்துப் புரிந்ததும், அதைத் தமிழில் நானே சொல்லி போனில் பதிவு செய்துகொள்வேன். 'வலது கை நடுவிரல் கட்டின் வெளிமூலையைத் தொடுது, கட்டை விரல் உள்மூலைல, இப்ப சுண்டு விரல் சதை மட்டும் உள்ளே போகுது' என்று மெதுவாக. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டபடி செய்வேன். புத்தகத்தைப் பிடிக்க மூன்றாவது கை தேவைப்படாது. நம் வாயால் சொல்ல முடியாத வரியில்தான் நமக்குப் புரியாததும் இருக்கிறது.

திருச்சி உறுப்பினர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மேஜை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கேள்வி: மனப்பாட டெக் (சீட்டுகளின் வரிசையை மனப்பாடமாக வைத்திருக்கும் கட்டு) பற்றிப் பலர் பேசுகிறார்கள். அதைப் பற்றி ஸ்பெயின் மேஜிக் கலைஞர் ஹுவான் தமாரிஸ் எழுதிய 'நெமோனிகா' இப்போதே வாங்கலாமா? பிடிஎஃப் சும்மாவே கிடைக்கிறது என்று ஒருவர் டெலிகிராம் லிங்க் அனுப்பினார், நான் திறக்கவில்லை.

சிங்கப்பூர் உறுப்பினர்

திறக்காதது நல்லது, சகோ. மேஜிக் புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரு ரகசியத்தை வருடக்கணக்காக உரசிப் பார்த்து எழுதுகிறார்கள். அச்சடிப்பதும் குறைந்த பிரதிகள்தான். எர்ட்னேஸ் போலக் காப்புரிமை முடிந்தவை இருக்கும்போது, உயிரோடிருக்கும் ஒருவரின் உழைப்பைத் திருட்டுப் பிரதியில் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

நெமோனிகா எனக்கு உயிர். ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு 2004ல் வந்தது. 52 சீட்டின் வரிசையும் மனப்பாடம், எந்த எண்ணைச் சொன்னாலும் அங்கே இருக்கும் சீட்டு தெரியும். எம்ஆர்டி ரயிலில் போகும்போது மனதுக்குள்ளேயே சொல்லிச் சொல்லி ஏற்றிக்கொண்டேன். மனப்பாடம் சுலபம்தான், கஷ்டம் வேறு இடத்தில். லிட்டில் இந்தியாவில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் கட்டை எடுத்ததும் அவர் அப்பா, "கொடு, நான் கலைக்கிறேன்" என்று கை நீட்டினார். நம்மவர்கள் சீட்டுக்கட்டைப் பார்த்தால் கலைக்காமல் விடமாட்டார்கள். அன்று இன்னொரு கட்டு சட்டைப்பையில் இருந்தது. முதலில் அதைக் கொடுத்துக் கலைக்க வைத்து இரண்டு ட்ரிக் செய்தேன். பேச்சு சூடு பிடித்த பிறகுதான் வரிசைக் கட்டு வெளியே வந்தது.

அதனால் ராயல் ரோடில் பொய்க் கலைப்பு, பொய் வெட்டு அத்தியாயம் உங்களுக்கு எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று பாருங்கள். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல் அதைச் செய்ய முடிந்தால் நெமோனிகா வாங்கலாம். இல்லையென்றால் அடுத்த வருடம்.

சென்னை உறுப்பினர்

சிங்கப்பூர் நண்பர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இப்போது உங்கள் கேள்விக்கு நேர் பதில்.

இந்த வருடப் புத்தகம் 'கார்ட் காலேஜ்' முதல் தொகுதி. 'ராயல் ரோடு முடித்தவர் நேராக மூன்றாம் தொகுதிக்குப் போகலாம்' என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இன்னொரு ஆசான் எப்படிச் சொல்கிறார் என்று பார்ப்பதில்தான் இந்தக் கட்டத்தில் அதிகம் கிடைக்கும். ஓவர்ஹேண்ட் கலைப்பை ஹ்யூகார்டிடம் ஒரு மாலை படியுங்கள், ஜியோபியிடம் மறுநாள் படியுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகிறது, உங்கள் கைக்கு எது இதமாக இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எர்ட்னேஸ் இலவசம், அது பக்கத்திலேயே இருக்கட்டும், வாரம் ஒரு பக்கம் போதும். டார்வின் ஆர்டிஸின் 'ஸ்ட்ராங் மேஜிக்' 1994ல் வந்தது, நுட்பமே இல்லாமல் முழுக்கப் பார்வையாளரைப் பற்றியது. யாரிடமாவது இரவல் கிடைத்தால் விடாதீர்கள்.

புத்தகம் வரும்வரை ராயல் ரோடில் உங்களுக்குப் பிடித்த மூன்று ட்ரிக்குகளை எடுத்து, வீட்டில் தரையில் உட்கார்ந்து, சுற்றிலும் ஆள் வைத்துச் செய்து பாருங்கள். எது தேறவில்லை என்று இங்கே எழுதுங்கள், அடுத்த வருடப் புத்தகத்தை அதை வைத்துப் பேசலாம்.