மேலகிரியில் இலை நிறம் மாறும் பருவத்தில் நீண்ட நடை: எந்த வாரம், எந்தத் தடம், என்ன தயாரிப்பு?

தடம்_தர்மபுரி கேட்டது:

வணக்கம். சினார் மரம் சிவப்பதைப் பார்க்க அக்டோபர் கடைசியில் காஷ்மீர் வரைக்கும் நம்ம ஊர்க்காரர்கள் போகிறார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் இருக்கும் மேலகிரி மலைக்காடும் இலையுதிர் காடுதானே? அந்த நிறமாற்றத்தை இங்கேயே நடந்து பார்க்க ஒரு திட்டம் போடுகிறோம். மொத்தம் ஆறு பேர், அதில் ஒருவருக்கு வயது 58, நன்றாக நடப்பார். தெரிய வேண்டியவை:

எந்த வாரம் போனால் நிறம் உச்சத்தில் இருக்கும்? ஒகேனக்கல்லில் தொடங்கி காட்டு வழியாகவே அஞ்செட்டி வரை இரண்டு நாளில் நடக்க முடியுமா? தண்ணீர், செருப்பு, அனுமதி விஷயத்தில் எங்கே சறுக்குவோம்?

வெக்காலி:

முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன், மீதி எல்லாம் இதை வைத்துத்தான் அமையும்.

காஷ்மீரில் இலை சிவப்பது குளிராலும் பகல் சுருங்குவதாலும். இங்கே காரணம் மண் காய்வது. வடகிழக்குப் பருவமழை நின்று ஈரம் இறங்க இறங்க, மரம் தண்ணீரைக் காப்பாற்ற இலையைக் கழற்றிவிடுகிறது. பச்சையம் சிதைந்ததும் அடியில் இருந்த மஞ்சள் தெரிகிறது. சில மரங்கள் அந்த நேரத்தில் புதிதாகச் சிவப்பு நிறமியும் உண்டாக்கும். அதனால் காலண்டரில் தேதி குறிப்பதைவிடக் கடைசி மழை எப்போது பெய்தது என்று பாருங்கள். நவம்பர் கடைசியோடு மழை ஓய்ந்தால், தை பிறந்த முதல் மூன்று வாரம் நல்ல கணக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி ஆண்டில் எல்லாம் பின்னால் தள்ளிப்போகும்.

காடு முழுக்க ஒரே நாளில் மாறாது. மண் மெலிந்த பாறை முகடும், வெயில் அடிக்கும் தெற்கு, மேற்குச் சரிவும் முதலில். ஓடைக்கரை கடைசியில். ஒதியன் மரம் எல்லாவற்றுக்கும் முன்னால் மொட்டையாகிவிடும். அதைப் பார்த்து "பருவம் முடிந்துவிட்டது" என்று திரும்பிவிடக் கூடாது.

நிறத்துக்காகவே போகிறவர்கள் பார்க்க வேண்டிய மரம் வெக்காலி. பட்டை வெளுத்து வழவழப்பாக இருக்கும், இலை சிறியது. ஓரத்தில் செம்பு நிறம் ஏறி, நரம்பு ஓரமாக மட்டும் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில் வெயிலுக்கு எதிராகப் பாருங்கள், சரிவே தகதகக்கும். காம்பை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். நார் இழுக்காமல் சுத்தமாகக் கழன்று வந்தால் அந்த மரம் உதிர்க்கத் தயார், நாட்கள்தான் பாக்கி. பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் காலம் இருக்கிறது.

தேக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். மழை முடியும் நேரத்திலேயே தேக்கங்காடு பழுப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது இலையரிக்கும் புழுவின் வேலை. கையில் எடுத்தால் நரம்பு மட்டும் வலை போல மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று: உச்சியில் நிறம் எதிர்பார்க்காதீர்கள். ஒகேனக்கல் ஒட்டிய தாழ்வான காட்டில் உசிலை, வெள்வேல் போன்ற பொடி இலை மரங்கள், அவை சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். மேலே பெட்டமுகிலாளம் உயரத்தில் ஈரமான மடிப்புகளில் பசுமை மாறாத சோலைத் துண்டுகள், மற்றபடி காய்ந்த புல். நிறம் எல்லாம் நடுச்சரிவில்தான். முகட்டைத் தொடுவதையே குறியாக வைத்து அந்த இடத்தை விறுவிறுவென்று கடந்துவிட்டால் வந்த காரியமே வீண். கிழக்குப் பார்த்த சரிவில் காலை 7 முதல் 9 வரை ஒளி இலைக்குப் பின்னாலிருந்து வரும்படி நில்லுங்கள். உச்சி வெயிலில் அதே மரம் வெளிறிப்போய்த் தெரியும்.

பெட்டா_நடை:

ஒகேனக்கல் – அஞ்செட்டி காட்டு வழி நடையை இப்போதே அழித்துவிடுங்கள். அந்தப் பக்கக் காட்டில் பெரும்பகுதி சரணாலயம். காவிரி வடக்கு 2014-ல், காவிரி தெற்கு 2022-ல் அறிவிக்கப்பட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். "ஊர்க்காரர் ஒருத்தர் கூட்டிட்டுப் போவார்" என்பது அனுமதி ஆகாது, மாட்டினால் அவருக்கும் சேர்த்துத்தான் வழக்கு. ராத்திரி காட்டுக்குள் கூடாரம் போடும் எண்ணமும் வேண்டாம்.

சட்டப்படி நடக்க வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய, வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு நடைத் திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு குத்திராயன் சிகரமும், அய்யூர் – சாமியேரி தடமும் இருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. உங்களுக்கு நான் சொல்லும் அமைப்பு: முதல் நாள் சாமியேரி, அது கால் பழக. இரவு தேன்கனிக்கோட்டையில் தங்கல். மறுநாள் குத்திராயன். அது 1,395 மீட்டர், ஏற்றம் சாதாரணமில்லை. ஒரே நீட்டாக நடந்த பெருமை கிடைக்காது, ஆனால் இரண்டு விதமான காட்டையும் நிதானமாகப் பார்க்கலாம்.

பதிவு செய்யும்போது தீப்பருவத்தைக் கணக்கில் வையுங்கள். 2018 மார்ச் 11 குரங்கணித் தீக்குப் பிறகு கட்டுப்பாடு இறுகிவிட்டது. 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை எல்லாத் தடங்களையும் மூடினார்கள். வெக்காலி சொன்ன காலமும் இதுவும் சேர்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது பொங்கல் முடிந்து மூன்று, நான்கு வாரம்தான். புரசு பூத்து, கும்பாதிரி செந்தளிர் விடும் மாசி, பங்குனியைப் பார்க்க ஆசைப்பட்டால் அது பெரும்பாலும் பேருந்து ஜன்னல் வழியாகத்தான்.

ஜன்னலைக் குறைவாக நினைக்க வேண்டாம். அஞ்செட்டி – நாட்றாம்பாளையம் – ஒகேனக்கல் சாலையும், பென்னாகரம் – ஒகேனக்கல் இறக்கமும் காட்டுக்குள்ளேயே போகின்றன. பகல் பேருந்தில் வலது, இடது மாறி மாறி உட்கார்ந்து பாருங்கள். நடுவில் இறங்கி நடக்கக் கூடாது.

தடம்_தர்மபுரி:

மிக்க நன்றி இருவருக்கும். அப்படியே மாற்றிக்கொள்கிறோம். எங்களிடம் இருப்பது சாதாரண ஓட்டக் காலணிகள். இரண்டு நாள்தானே, சமாளிக்கலாமா? யானை விஷயமும் கொஞ்சம் சொல்லுங்கள், தை மாதம் ராகி அறுப்பு சமயம் வேறு.

முதலுதவிப்பெட்டி:

காலணி பற்றி அலட்சியம் வேண்டாம். இந்தப் பருவத்தில் விழுகிறவர்கள் ஏறும்போது விழுவதில்லை, இறங்கும்போது சருகில் சறுக்கித்தான் விழுகிறார்கள். காய்ந்த தேக்கு இலை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும், அடியில் உருளைக்கல் இருக்கும், பள்ளம் இருக்கும், எதுவும் தெரியாது. தேய்ந்த ஓட்டக் காலணி அங்கே பிடிக்காது. அடிப்பாகத்தில் கட்டை விரல் நகம் பதியும் அளவு பள்ளம் உள்ள காலணியாக இருக்கட்டும். புதிதாக வாங்கினால் குறைந்தது இரண்டு வாரம் போட்டுப் பழகுங்கள். இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்குங்கள், இல்லாவிட்டால் விரல் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துவிடும்.

நடையும் மாற வேண்டும். சிறு எட்டு, முழங்காலில் லேசான மடிப்பு, குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதும் ஒன்றாகப் பதிய வேண்டும். செங்குத்தான இடத்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள். நெஞ்சுயரக் கழி ஒன்று ஆளுக்கு ஒன்று கையில் இருக்கட்டும், சருகுக் குவியலைக் குத்திப் பார்த்த பிறகே கால். பாம்புக்கும் இது நல்லது. 58 வயதுக்காரருக்கு இரண்டு கழி கொடுங்கள், முழங்கால் பாரம் குறையும். அவரை வரிசையில் இரண்டாவதாக நடக்க விடுங்கள். கடைசியில் விட்டால் மற்றவர்கள் காத்திருந்து இளைப்பாறுவார்கள், அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது.

பின்னல் துணி டிராக் பேண்ட் வேண்டாம். ஊசிப்புல் அதில் ஏறினால் நூலோடு நூலாகப் பின்னிக்கொண்டு தோல் வரை குத்தும். நெருக்கமாக நெய்த வழவழப்பான நைலான் கால்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பாதையோரம் பழுப்பு ரோமம் போர்த்திய வளைந்த காய் தொங்கினால் அது பூனைக்காலி, ஒதுங்கிப் போங்கள். பட்டுவிட்டால் சொறியக் கூடாது, சொறிந்தால் சுணை பரவும். ஒட்டும் பிளாஸ்திரியை அழுத்தி அழுத்தி எடுத்துவிட்டு, அப்புறம் கழுவி கலமைன் தடவுங்கள்.

உண்ணி இந்தப் பருவத்தில் அதிகம். பொட்டு அளவே இருக்கும். மாலையில் இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் தேடுங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி, எண்ணெய் வைத்தியம் வேண்டாம். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், உடம்பில் கறுப்புப் பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி (மைட்) கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் என்றால் டாக்சிசைக்ளின் மருந்தில் கேட்கும், ஆனால் சந்தேகப்பட்டால்தான் பார்ப்பார்கள்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர். குளிராக இருக்கிறதே என்று 2 லிட்டரோடு போகிறார்கள், அங்கேதான் தவறு. காலை ஸ்வெட்டர் கேட்கும் காடு, 11 மணிக்கு மேல் நிழலே இல்லாத காடாகிவிடும், இலைதான் உதிர்ந்துவிட்டதே. அதில் 1 லிட்டரில் ஒரு முழு ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். பாதி பொட்டலம், கால் பொட்டலம் என்று கண்ணளவில் போடக் கூடாது. தண்ணீரில் பாதி தீரும் இடத்தில் உச்சி இன்னும் தூரமாக இருந்தால் திரும்பிவிடுங்கள். ஓடையை நம்ப வேண்டாம், இருக்கிற குட்டையும் விலங்குகள் வரும் இடம்.

பெட்டா_நடை:

யானை பற்றி. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ராகிப் பருவத்தில்தான் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு வரும். நீங்கள் போகும் நேரத்தில் அவை இங்கேயே இருக்கும் என்று வைத்துக்கொண்டே நடங்கள். இலை உதிர்ந்த காட்டில் தூரத்திலேயே தெரிந்துவிடும் என்று தெம்பாக இருக்கக் கூடாது. சாம்பல் நிற அடிமரங்களுக்கு நடுவே நின்றால் 30 மீட்டரிலும் கண்ணுக்குப் படாது. சருகில் உங்கள் காலடிதான் சடசடக்கும், அதன் மெத்தென்ற பாதம் அநேகமாகக் கேட்காது. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஒரேசமயம் நின்று அரை நிமிடம் காது கொடுங்கள். கிளை முறியும் சத்தம், வயிற்று உறுமல், காது விசிறும் சத்தம் அப்போதுதான் பிடிபடும்.

சாணி ஈரமாக, ஈ மொய்க்காமல் இருந்தால் யானை பக்கத்தில்தான். ஒரு சிட்டிகைப் புழுதியைத் தூவி காற்று போகும் திசை பாருங்கள். உங்களிடமிருந்து அதன் பக்கம் காற்று போனால் அது ஏற்கெனவே உங்களை மோந்துவிட்டது. வழிகாட்டி கையைத் தூக்கினால் நிற்க வேண்டும், பேசாமல் பின்வாங்க வேண்டும். படம் எடுக்கும் நேரம் அதுவல்ல. வாழைப்பழம், பலா, வெல்லம் மணக்கும் பண்டம் பையில் வேண்டாம். புளிசாதம், ராகி அடை, வறுத்த கடலை போதும்.

காட்டை ஒட்டிய சாலைகளில் காலை 6:30-க்கு முன்னும் மாலை 5:30-க்குப் பின்னும் இருசக்கர வண்டி ஓட்டாதீர்கள். நடைக்கு வருகிறவர்கள் பயப்பட வேண்டிய நேரம் பெரும்பாலும் இதுதான், விடியலில் தடம் தொடங்கும் இடத்துக்கு அவசரமாகப் போகும் நேரம். முந்தைய நாளே பக்கத்தில் வந்து தங்கிவிட்டால் இந்த அவசரம் இருக்காது.

அரூர்_கொடி:

தீ பற்றி யாரும் சொல்லவில்லை. பீடி, சிகரெட், கேஸ் அடுப்பு மூன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். சுற்றிலும் சருகு, ஒரு பொறி போதும். புகை கண்டால் முதல் வேலை, அது உங்களுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது. தீ மேட்டை நோக்கி மிக வேகமாக ஏறும், மனிதக் கால் அதை முந்தாது. அதனால் உச்சிக்கு ஓடக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து, வெறும் பாறைப் பரப்பு, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம் இவற்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள். உயரப் புல் நிற்கும் பள்ளத்துக்குள் இறங்க வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட இடம் தேடும்போதே இந்தக் கணக்கோடு பாறையாகப் பார்த்து உட்காருவது நல்லது. செயற்கை இழைச் சட்டை சூட்டில் உருகித் தோலில் ஒட்டும், மேல் சட்டையாவது பருத்தியாக இருக்கட்டும்.

பதிவு கிடைக்கவில்லை என்றாலோ, கடைசி நேரத்தில் தடத்தை மூடிவிட்டாலோ, அனுமதி தேவைப்படாத இடங்கள் இரண்டு. அரூர் பக்கம் தீர்த்தமலை, கோயிலுக்கு மக்கள் ஏறும் பாதையிலேயே ஏறலாம். காலை 7 மணிக்குள் தொடங்கினால் எதிர்ச் சரிவின் நிறம் நன்றாகத் தெரியும். இன்னொன்று தர்மபுரியிலிருந்து வத்தல்மலைச் சாலை. கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பகுதியில்தான் இலையுதிர் காடு, மேலே காப்பித் தோட்டம் வந்ததும் பச்சைதான். அதனால் பேருந்தில் மேலே போய்விட்டு, இறங்கும்போது சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி ஒற்றை வரிசையில் நடந்து வாருங்கள். கடைசி பேருந்து நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.