எழுதினால் புரிகிறது, பேசினால் ‘பார்டன்?’ என்கிறார்கள். ஆக்சென்ட் பயிற்சி தேவையா?

அரைகுறை_ஆங்கிலம்:
ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. டென்ஸ், பிரிபொசிஷன் எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. வாயைத் திறந்தால்தான் வினை. வேலை விஷயமாக அமெரிக்கர்களோடு அடிக்கடி ஃபோனில் பேச வேண்டியிருக்கிறது. போன வாரம் ‘ஐ கேன் ஃபினிஷ் இட் டுடே’ என்றேன். எதிர்முனையில் இருந்தவர், பரவாயில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். நான் முடியும் என்கிறேன், அவர் முடியாது என்று எடுத்துக்கொள்கிறார்! ‘டெவலப்’, ‘காம்பொனன்ட்’ என்று சொன்னாலும் ஒரு நொடி முழிக்கிறார்கள். நண்பர் ஒருவர் அமெரிக்க ஆக்சென்ட் வகுப்பில் சேரச் சொல்கிறார். சேரலாமா?

சும்மா_வந்தேன்:
தினமும் ஒரு இங்கிலீஷ் படம் பாருங்க, சப்டைட்டில் இல்லாம. தானா வந்துடும்.

பழைய_ரேடியோ:
வகுப்புக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவதுதான் என் பிழைப்பு. ஸ்காட்லாந்துக்காரர், நைஜீரியர், நம் ஆட்கள் என்று எல்லார் ஆங்கிலமும் காதில் விழுகிறது. ஆக்சென்ட் எதுவானாலும் சீக்கிரம் பழகிவிடும். சொல்லுக்குள் அழுத்தம் இடம் மாறினால்தான் ரீவைண்ட் பண்ண வேண்டியிருக்கிறது.

உங்கள் ‘கேன்’ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் சாதாரணமாகப் பேசும்போது அந்தச் சொல்லைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடுவார்கள். ‘ஐ க்ன் ஃபினிஷ்’ என்பதுபோல்தான் இருக்கும், அழுத்தம் ‘ஃபினிஷ்’ மேல் போய்விடும். எதிர்மறையான ‘கேன்ட்’டைத்தான் முழுசாக, அழுத்திச் சொல்வார்கள். அதன் கடைசி ‘ட்’ பல நேரம் காதிலேயே விழாது. ஆக, நீங்கள் ‘கேன்’ என்று நிறுத்தி, தெளிவாகச் சொன்னதுதான் வம்பு. அவர் காதில் அது ‘கேன்ட்’ ஆகிவிட்டது. அடுத்த முறை அதை அவசரமாகத் தாண்டிப் போய் ‘ஃபினிஷ்’ஷில் நில்லுங்கள்.

மற்ற சொற்களுக்கும் இதே வியாதிதான். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று எழுத்துக்கு எழுத்து கணக்கு உண்டு. அதில் வளர்ந்த நாக்கு ஆங்கிலத்திலும் எல்லா அசைக்கும் நியாயமாகப் பங்கு வைக்கிறது. ஆங்கிலமோ ஒரு பிள்ளைக்கு மொத்தச் சொத்தையும் எழுதிவைத்துவிட்டு மற்றவற்றைப் பட்டினி போடுகிற அப்பன். ‘டெவலப்’பில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அவர்கள் இரண்டாவதை: டி-வெ-லப். ‘காம்பொனன்ட்’டும் அப்படித்தான்: கம்-போ-னன்ட். ‘ஹோட்டல்’ உண்மையில் ஹோ-டெல். பட்டினி கிடக்கிற அசையின் உயிரொலிக்கு ‘ஷ்வா’ என்று பெயர். அகரத்துக்குப் பக்கத்தில் வரும், ஆனால் சோம்பலானது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று ஓர் எழுத்துகூட அரிச்சுவடியில் கிடையாது! ‘பனானா’வின் முதல் அசையும் கடைசி அசையும் ஷ்வா.

ஒரே குடும்பத்துச் சொற்களிலேயே அழுத்தம் தாவும். ஃபோட்டகிராஃப், ஃபடாகரஃபி, ஃபோட்டகிராஃபிக். ‘ரெகார்ட்’ பெயர்ச்சொல்லானால் முதல் அசை, வினைச்சொல்லானால் இரண்டாவது. ‘ஷன்’ என்று முடிகிற சொல்லில் அதற்கு முந்தைய அசையை அழுத்தினால் அநேகமாகத் தப்பாது. மற்றதெல்லாம் சொல்லுக்குச் சொல் பார்த்துத்தான் ஆக வேண்டும். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளில் உச்சரிப்புக் குறியீட்டுக்குள் மேலே ஒரு சின்ன நேர்கோடு இருக்கும். அதற்கு அடுத்த அசையில்தான் அழுத்தம். தலைகீழாக நிற்கிற ஆங்கில ‘e’ எழுத்து ஷ்வா. இந்த இரண்டை மட்டும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், மற்ற குறிகள் மெதுவாக வரட்டும்.

படம் பார்ப்பதைத் தப்பு சொல்லவில்லை. கவனம் கதைக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

அரைகுறை_ஆங்கிலம்:
அட, முடியும்னு அழுத்திச் சொன்னதுதான் முடியாது ஆச்சா! ரொம்ப நன்றி அண்ணே. அப்புறம் இன்னொன்று: ‘வொர்க்கெட்’, ‘ஆஸ்கெட்’ என்று சொன்னால் தப்பா?

வெண்பலகை:
தப்புதான் தம்பி. வினைச்சொல்லின் கடைசி ஒலி ட் அல்லது ட்-டின் மெல்லிய வடிவமாக இருந்தால் மட்டும் இறந்தகால விகுதி தனி அசையாகும்: வான்டிட், நீடிட். மற்ற இடங்களில் அசை கூடாது. தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். கடைசி ஒலி அதிரவில்லை என்றால் ‘பட்டு’வில் வருகிற வல்லின ட்: வர்க்ட், ஆஸ்க்ட். அதிர்ந்தால் ‘படு’வில் வருகிற மெல்லிய ட்: பிளேய்ட், கால்ட். ‘விக்கிட்’, ‘நேக்கிட்’ மாதிரி சில பண்புச்சொற்கள் விலக்கு.

வல்லின மெய்யில் சொல் முடிந்தால் நமக்குப் பிடிக்காது, பின்னால் ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும். ‘வர்க்ட்டு’ ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா_வந்தேன்:
போன்ல வாய்ஸ் டைப்பிங் போட்டு பேசிப் பார்த்தா தப்பு தெரிஞ்சுடுமே?

பழைய_ரேடியோ:
தெரியும், ஆனால் முழு வாக்கியமாகச் சொன்னால் அது அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்து ஊகித்துச் சரியாகப் போட்டுவிடும். தனிச்சொல்லாகக் கொடுங்கள். பாலைவனத்துக்கு டெசர்ட், சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்புக்கு டிசர்ட். இரண்டையும் அது பிரித்து எழுதினால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

அரைகுறை, எண்களிலும் கவனம். தனியாகச் சொல்லும்போது 13-க்கு அழுத்தம் பின்னால், 30-க்கு முன்னால். பணம், தேதி என்று வந்தால் நான் அதையும் நம்ப மாட்டேன், ‘ஒன் த்ரீ’, ‘த்ரீ ஸீரோ’ என்று பிரித்துச் சொல்லிவிடுவேன்.