புதுப்பிப்பு: மணல்மேட்டை விட்டுவிட்டு வீட்டை நகர்த்திவிட்டோம்

கோபிசெட்டிபாளையத்துக்காரர்களான நாங்கள் நாகப்பட்டினம் பக்கம் வாங்கிய மனையில் விடுமுறை வீடு கட்டவிருப்பதையும், கடல் தெரிவதற்காக முன்னிருக்கும் மணல்மேட்டைச் சமன்படுத்தலாமா என்பதையும் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். கூடாது என்பதே விடை. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைக் கலைப்பதைத் தடை செய்கிறது. மக்கள் அடர்த்தி குறைந்த ஊரகக் கரையில், கடல்நீர் ஏறி எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுவீடு எழுப்பவும் இடமில்லை. ஆகவே வீடு மனையின் பின்கோடிக்குப் போய்விட்டது.

நேரில் குனிந்து பார்த்தபோதுதான் அந்த மேட்டின் அருமை எனக்குப் புரிந்தது. அடும்புக்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலை இறுக்கியிருக்க, காற்றில் வரும் மணல் ராவணன் மீசைப் புல்லின் கூரிய இலைகளில் சிக்கிக் குவிந்துகொண்டிருந்தது. கொடி அறுந்த ஓரிடத்தில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்.

"ஆயிரம் அடி போர் போட்டுறலாமுங்க" என்றார் மாமா, நம் ஊர்ப் பழக்கத்தில். கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதப்பதால், ஆழத் துளைத்து உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும் என்று விளக்கி, ஆழமில்லாத உறைகிணற்றுக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் அவரைச் சம்மதிக்க வைத்தோம். அதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

மற்றபடி, எங்கள் ஊர்த் தோட்டத்து வீடான சாளையைப் போலத் தாழ்ந்த ஓட்டுக்கூரையும் அகலமான திண்ணையும்தான். பங்குனி ஆமை எனப்படும் கடலாமையின் குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பித் திசைமாறும் என்பதால் கடல்பக்கம் விளக்கே வைக்கவில்லை.